தணல் வைத்தது நான்

ரொக்ஸ்பரோ
25.04.2023

அன்பு மகன் றொக்சனுக்கு,

அப்பா தேவதாசன் சொல்லச் சொல்ல, பங்குக் கோயிலில் பாட்டுப் பாடுகிற யோகராணி இதை எழுதுகிறாள். வடக்குச் சுரங்கத்துக் குளிரில் உன்னைக் காக்கச் சொல்லி மடுமாதாவை மன்றாடுகிறேன். ஜெயனிக்குப் பிள்ளை எடுத்த சத்திரசிகிச்சைப் புண் ஆறிவிட்டது. சின்னவள் நன்றாகப் பால் குடிக்கிறாள்.

தொலைபேசியில் சொல்லலாமே என்று யோகராணி கேட்டாள். தொலைபேசி என்றால் பாதியில் நீ கத்துவாய், நான் அந்த இடத்தோடு நிறுத்திவிடுவேன். அதனால்தான் கடிதம். நாளைக்கு உன் சுரங்கத்துக்கு வேலைக்குத் திரும்பும் ஞானேந்திரன் கொண்டுவந்து உன் கையில் தருவான். முடியும்வரை வாசி.

சின்னவளுடைய ஞானஸ்நானத்துக்கு உன் கூட்டாளி டனிஸ்ரனை நீக்கி வினோஜனை ஞானத்தகப்பனாக வைத்திருக்கிறாய். விறகடுப்பும் புகைக்குழாயும் பூட்டினவன் டனிஸ்ரன், குழாயில் கசிவு, அதனால்தான் தாயும் பிள்ளையும் மயங்கினார்கள் என்பது உன் எண்ணம். அது பிழை, மகன். குழாயில் ஒன்றும் இல்லை.

விறகிலும் பிழை இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் எல்ம் மரம் நோயில் பட்டுப்போய் வெட்டினபோது நான்தான் குற்றிகளைக் கேட்டு வாங்கினேன். ஊர் உடைமரம் போல ஒரு கொத்தில் பிளக்கும் என்று நினைத்தேன். அதன் நார் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தது. ஆப்பு அடித்தால் ஆப்பு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். டனிஸ்ரன் சிரித்தான். "மாமா, இது கோடையில பிளக்காது. நல்லா விறைக்கட்டும், வாறன்" என்றான். மர நோயைக் காவும் வண்டு பரவும் என்று பட்டையை முழுக்க உரித்தான். போன வருடம் தை மாதம், மைனஸ் இருபத்தைந்தில் வந்து நின்று, ஒவ்வொரு குற்றியாகப் பிளந்து கொட்டிலில் அடுக்கினான். பதினைந்து மாதம் காய்ந்த விறகு அது.

பனிமழை கொட்டி மின்சாரம் போனது புதன்கிழமை. மறுநாள் பெரிய வியாழன். கீழே அடுப்பு எரிந்தது. மேலே அறை விறைத்தது. வயிற்றில் வெட்டுக்காயத்தோடு ஜெயனியைப் படி இறக்க எனக்குப் பயம். பிள்ளைக்குப் பதினாறு நாள். கை தொட்டால் சில்லென்று இருந்தது. பின்னேரம் மூன்று மணி இருக்கும். எல்ம் விறகு பெரிதாகச் சுவாலை விடாது, தணல் மட்டும் நெடுநேரம் நிற்கும். அந்தத் தணலை அள்ளி இரும்புத் தாச்சிச் சட்டியில் போட்டு, கொஞ்சம் சாம்பிராணியும் தூவி, மேலே கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். நீ பிறந்தபோது பேசாலையில் உனக்கும் அப்படித்தான் வைத்தோம். ஜெயனி நல்ல நித்திரை. அவள் தாச்சியைக் காணவே இல்லை. சாம்பிராணிப் புகை அடங்கினதும், இனிப் பயமில்லை என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டு இறங்கினேன்.

பேசாலையில் நாங்கள் இருந்தது கிடுகு வீடு. நாலு பக்கமும் காற்றுப் போய்வரும். இங்கே கார்த்திகையில் நீயும் நானும் நின்று யன்னலுக்கெல்லாம் பிளாஸ்ரிக் ஒட்டினோமே. ஒரு மூலையில் காற்று வருகிறது என்று நான்தான் இன்னொரு தரம் ஒட்டச் சொன்னேன். தணல் விடும் நச்சுக் காற்று வெளியே போக வழியே இருக்கவில்லை.

ஒரு மணித்தியாலம் கழித்துப் போனேன். ஜெயனி என்னைப் பார்த்தாள், கதைக்க வாய் வரவில்லை. சின்னவளின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கூப்பிட்டேன், அசையவில்லை. எனக்கு உடனே விளங்கியது, இது என்னால் வந்தது என்று.

மகன், நான் முதலில் தூக்கியது பிள்ளையை அல்ல, தாச்சியை. படியிறங்கிப் பின்கதவு திறந்து, ஐஸுக்குள் கவிழ்த்து, தாச்சியைக் கொட்டிலில் வைத்துவிட்டுத்தான் திரும்பி ஓடினேன். அறைக் காற்றுக்கு நல்லது என்று செய்தேனா, ஆரும் காணக்கூடாது என்று செய்தேனா? பத்தொன்பது நாளாக என்னையே கேட்கிறேன். காற்றுக்கு என்றால் கொட்டிலில் ஏன் ஒளித்தேன்? அதற்குப் பிறகுதான் பிளாஸ்ரிக்கைக் கிழித்தேன், பிள்ளையை வெளியே கொண்டு ஓடினேன், பக்கத்து வீட்டு மனுசி அவசர இலக்கத்துக்கு அடித்தாள். தீயணைப்புக்காரர் என்ன மூட்டினாய் என்று சைகையில் கேட்டபோது, கீழே அடுப்பைக் காட்டினேன். அதைச் சோதித்துப் பார்க்கும்வரை மூட்டவேண்டாம் என்றுதான் அவர்கள் சொன்னார்கள். அதை நீ குழாயில் ஓட்டை என்று எடுத்துக்கொண்டாய். அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த, நச்சுக் காற்றுக்குக் கத்தும் காவல்மணி அன்றைக்குக் கத்தவில்லை. அது பழுது என்று கழற்றி எறிந்தாய். அது பழுது இல்லை, கீழே நச்சுக் காற்று இருக்கவில்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரி நடையில் எல்லாருக்கும் முன்னால் டனிஸ்ரனிடம், "என்ர பிள்ளையைக் கொல்லப் பாத்தனீ" என்றாய். அவன் உன்னை எதிர்க்கவில்லை. "மச்சான், மூண்டு தரம் பாத்துத்தான் பூட்டினனான்" என்றுமட்டும் சொன்னான். நான் உன் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். வாய் திறக்கவில்லை.

நீ வேலைக்குப் போனபிறகு அவன் இங்கே வந்தான். குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஒவ்வொன்றையும் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ஓட்டை ஒன்றும் இல்லை. இல்லாதபடியால் இன்னும் பயந்துபோய்ப் போனான். தன் கண்ணுக்கே தெரியாத பிழை விட்டுவிட்டேன் என்று நினைக்கிறான். அவன் கை பார்த்த எந்த வேலையையும் இனி அவனே நம்பமாட்டான் போல இருக்கிறது.

ஜெயனி தினமும் பிள்ளையை என் மடியில் தருகிறாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்க முதல் அவளுக்கும் டனிஸ்ரனுக்கும் என் வாயாலே சொல்லியிருப்பேன். ஒரு மாதத்தில் காட்டச் சொன்ன டொக்டருக்கும் தணல் விஷயம் தெரியவேண்டும். அதையும் ஜெயனியிடம் சொல்வேன்.

யோகராணி செயின்ட்-மிஷேலில் தன் வீட்டில் ஒரு அறை இருக்கிறது என்கிறாள். நீ போ என்றால் போகிறேன். கோபிக்கமாட்டேன். ஆனால் என்னைப் பற்றி முடிவெடுக்க முதல் டனிஸ்ரனைக் கூப்பிட்டுக் கதை. சின்னவளின் தலையில் தண்ணீர் வார்க்கும்போது பக்கத்தில் அவன் நிற்கட்டும்.

கர்த்தர் உன்னையும் ஜெயனியையும் அந்தக் குஞ்சையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருப்பாராக. ஞானஸ்நானத்தன்று நான் கோயிலில் கடைசி வாங்கில் இருக்கலாமா என்றுமட்டும் எழுதி அனுப்பு. ஓம் என்றாலும் இல்லை என்றாலும் யோகராணி வாசித்துச் சொல்லுவாள்.

உன் அப்பா
தேவதாசன்