வெள்ளைப் பெட்டிக்கு இரண்டாம் இடம்

செப்டம்பர் 9
மூன்று கேம் கன்சோல்களில் எது சந்தையில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற வருடாந்திரக் கட்டுரையைப் பேப்பருக்குக் கொடுத்துவிட்டேன். கறுப்புப் பெட்டி முதலிடம். வெள்ளைப் பெட்டி, அரையாண்டில் நான்கு லட்சம், இரண்டாமிடம். கையில் வைத்து விளையாடும் கையடக்கம், மூன்று லட்சத்துப் பத்தாயிரம், மூன்றாமிடம். எண்களை மூன்று முறை சரிபார்த்தேன். ஆபீசில் எனக்குக் 'கணக்கு' என்று பட்டப்பெயர். அதைக் காப்பாற்ற வேண்டுமே.

செப்டம்பர் 12
கட்டுரை வெளியானது. தங்கையின் கணவர் போன் செய்தார். சொந்தமாகக் கேம் கடை வைத்திருப்பவர். இந்த சீசனுக்கு வெள்ளையைத்தான் நிறைய இறக்கப்போகிறாராம். "நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும் மச்சான்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 30
மாப்பிள்ளையிடமிருந்து மூன்று வாரமாகப் போன் இல்லை. வியாபாரம் மும்முரமாக இருக்கும்.

நவம்பர் 3
கடைக்குப் போனேன். பின்னறைக் கதவு பாதிதான் திறந்தது. உள்ளே வெள்ளைப் பெட்டிகள், எண்பத்து நான்கு, ஒன்றும் பிரிக்காமல். நான் இருந்த அரை மணியில் ஐந்து பேர் வந்தார்கள். ஐவரும் கையடக்கம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

எதிர்க் கடைக்காரர் மே மாதம் எடுத்த வெள்ளையே இன்னும் கிடக்கிறதாம். கம்பெனி திருப்பி எடுக்காதாம். "அவங்களுக்கு என்ன மச்சான், லாரி ஏறினாலே வித்த மாதிரிதான்" என்றார் மாப்பிள்ளை. கோபமாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 4
கம்பெனிகளின் விற்பனை அறிக்கைகளை மறுபடி எடுத்தேன். வெள்ளையின் நான்கு லட்சத்துக்கு அடியில், பொடி எழுத்தில்: கடைகளுக்கு அனுப்பியவை. மற்ற இரண்டு கம்பெனிகளும் தந்தது வாடிக்கையாளர்கள் வாங்கியவற்றின் கணக்கு. நான் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் அடுக்கிவிட்டேன். மொத்த வியாபாரி ஒருவரிடம் விசாரித்தேன். வீடுகளுக்குப் போன வெள்ளை இரண்டு லட்சத்தைத் தாண்டாது என்கிறார். மூன்றாமிடம். அதுவும் எட்டாத தூரத்தில்.

எண் சரியா என்று மூன்று தடவை பார்த்தேன். அது எதை எண்ணிய எண்? ஒரு தடவை — ஒரே ஒரு தடவை — கேட்டிருக்கக் கூடாதா? இந்த வேலையில் முப்பத்தொரு வருஷம் என்னத்தைக் கிழிச்சேன்?

நவம்பர் 6
திருத்தம் போட வேண்டும் என்று ஆசிரியரிடம் போய் நின்றேன். "எந்த எண்ணும் தப்பில்லையே, அப்புறம் எதைத் திருத்தறது?" என்றார். ஒரு மணி நேரம் விளக்கினேன். கடைசியில், போடுகிறேன், ஆனால் சின்னதாக என்றார்.

நவம்பர் 8
பதினோராம் பக்கம், நான்கு வரி. தங்கை போன் செய்தாள். "அவர் படிச்சிட்டார்ண்ணா. பேப்பரை மடிச்சு வெச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டார்."

நவம்பர் 19
கடைத் தெரு முனை வரை போய்த் திரும்பினேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போவது?

பிப்ரவரி 2
கடையைக் காலி செய்து ஒரு மாதம் ஆகிறது. மாப்பிள்ளை இப்போது பெரிய கடை ஒன்றின் மூன்றாம் தளத்தில் விற்பனையாளர். இன்று அங்கே போனேன். கழுத்தில் அடையாள அட்டையோடு நின்றிருந்தார். ஒரு அம்மாள் வெள்ளைப் பெட்டியைப் புரட்டிக்கொண்டே, இது பேப்பரில் இரண்டாமிடம் என்று போட்டிருந்தார்களே என்றார். அப்போது மாப்பிள்ளை என்னைப் பார்த்துவிட்டார்.

"அதை விடுங்கம்மா" என்றார் அவரிடம். "வீட்ல யார் விளையாடப்போறாங்க, அதைச் சொல்லுங்க."

படிக்கட்டில் இறங்கி வந்துவிட்டேன்.