எடுத்துக்கொடுத்த வசனம்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்குள்ள குடிசைப் பகுதிப் பிள்ளைகளை வைத்து நான் போட்ட நாடகம் நேற்று அரங்கேறியது. மகளாக நடித்தவள் பெரிய வாயாடி; ஒத்திகையில் தகரக் கூரையே அதிரும். "நாளையிலேர்ந்து வேலைக்குப் போகமாட்டேன்ப்பா, படிக்கப்போறேன்" என்பதுதான் அவளுடைய கடைசி வசனம். முன்வரிசையில் அவளைப் பெற்றவரே உட்கார்ந்திருந்தார். அந்த இடம் வந்ததும் அவர் முகத்தையே பார்த்து நின்றாள். திரைக்குப் பின்னாலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துக்கொடுத்தேன். கடைசியில், "சரிப்பா, போறேன்" என்றாள். முதலில் கைதட்டியவர் அவர்தான்.

இன்று காலை அவள் தையல் கம்பெனி வேனில் போனாள். கையசைத்தேன், வேறென்ன செய்ய?

அம்மாவின் பழைய புடவை இரண்டு அனுப்புங்கள். திரைக்கு ஒன்று போதும்.

பிள்ளைகள் கதவைத் தட்டுகிறார்கள், முடிக்கிறேன். போனில் மட்டும் "எப்பம்மா வர்றே?" என்று கேட்காதீர்கள். அந்த இடத்தில் எனக்கும் வசனம் வராது.

உங்கள் மகள்