நானூற்றுப் பன்னிரண்டு குனிவு

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் மூவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று எழுதினால்தான் எனக்கு நிம்மதி. அப்பாவுக்குக் கண் புரை எடுத்தாயிற்று, பேப்பரைக் கையில் எடுத்தால் கீழே வைப்பதில்லை. உன் தங்கைதான் இன்ஜினியரிங் முதல் வருஷத்திலேயே படிப்பை விட்டுவிடுகிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள், வெறும் சூத்திரம்தான், எதற்குப் படிக்கிறோம் என்றே புரியவில்லை என்றாள். இந்த வருஷம் காலேஜில் புதிதாக ஓர் ஏற்பாடு, முதல் வருஷப் பிள்ளைகள் வெளியே போய் யாருக்காவது வேலையில் உள்ள கஷ்டத்தைக் கண்டுபிடித்து ஒரு வழி செய்து காட்ட வேண்டுமாம். இவள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நேரே எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வந்துவிட்டாள். நாள் முழுக்க ஓரமாக நின்று பார்த்தார்கள். சாயங்காலம் நோட்டைக் காட்டி, "அம்மா, இன்னைக்கு நீ நானூத்திப் பன்னெண்டு தடவை குனிஞ்சிருக்கே" என்றாள். ஈர விரிப்புகளைத் தள்ளுவண்டியின் அடியிலிருந்து எடுக்கத்தான் அத்தனை குனிவு. பதினெட்டு வருஷமாகக் குனிகிறேன், எண்ணிப் பார்க்க எனக்கே தோன்றியதில்லை.

வண்டிக்குள் ஸ்பிரிங் வைத்துப் பலகை போட்டார்கள், பாரம் குறையக் குறையப் பலகை மேலே வர வேண்டும். முதல் தடவை அது படாரென்று துள்ளி, விரிப்பு சூப்பர்வைசர் தலைமேல் விழுந்து, மனுஷன் முக்காடு போட்ட மாதிரி நின்றார், சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இவள் முகம் சுண்டிவிட்டது. ஆனால் மறுநாளே தராசோடு வந்து ஈர விரிப்புகளை ஒவ்வொன்றாக நிறுத்து, எந்தக் கணக்கைக் கண்டு ஓடினாளோ அதையே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போட்டாள். போன செவ்வாய்க்கிழமை திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒரு விரிப்பை எடுத்தேன், அடுத்தது தானாக என் இடுப்பு உயரத்துக்கு வந்து நின்றது, கடைசி விரிப்பு வரைக்கும் அப்படியே. எல்லாரும் கைவேலையைப் போட்டுவிட்டு வண்டியைச் சுற்றிக் கூடிவிட்டார்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. படிப்பை விடலையா என்று கேட்டேன். "முதல்ல மத்த ஆறு வண்டிக்கும் போட்டுக் குடுக்கணும்மா" என்றாள்.

நீயும் இதே முதல் வருஷத்தில்தான் படிப்பை விட்டுவிட்டு வந்தாய். உன் மண்டையில் ஏறாது என்று நாலு பேர் முன்னால் சொன்னேன், நீ அன்றைக்கே பெட்டியைக் கட்டினாய். அந்த வண்டிப் பக்கத்தில் நின்றபோது அதுதான் நினைவுக்கு வந்தது. உன்னை யாரும் இப்படி ஓர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தவில்லை, நானும் ஏன் என்று கேட்கவில்லை. நான் சொன்னது தப்பு கண்ணு.

நீ நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தங்கைக்கு மறக்காமல் போன் போடு, ஸ்பிரிங் நாளாவட்டத்தில் தளராமல் இருக்க என்ன செய்வது என்று அவர்கள் சாருக்கே தெரியவில்லையாம். தினமும் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வகுப்பில் எழுந்து சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா