உங்கள் மகளிடம் நான்தான் சொன்னேன்

என் பிரியமான சம்பந்தி அம்மா,

வேடசந்தூரிலிருந்து உங்கள் மருமகன் அமலனின் அம்மா சகாயமேரி எழுதுகிறேன். உங்கள் பெயரைச் சொல்லி எழுத ஆசைதான். ஆனால் போனில் நான் அதைச் சொல்லிப் பார்த்தபோதெல்லாம் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அதனால் சம்பந்தி அம்மா என்றே கூப்பிட்டுக்கொள்கிறேன்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. தெரிந்திருந்தாலும் இனிமேல் நீங்கள் படிக்கப் போவதில்லை. இருந்தும் எழுதுகிறேன். நீங்கள் இறந்துபோன செய்தியை நேற்று உங்கள் மகள் லின்னிடம் நான்தான் சொன்னேன். எல்லோரும் சேர்ந்து மறைத்து வைத்திருந்ததை நான் ஒருத்தி உடைத்தேன். அதை உங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நாம் இரண்டு பேரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. பிள்ளைகள் அமெரிக்காவில் ஏதோ ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள். சீனாவிலிருந்து நீங்களும் போகமுடியவில்லை, இங்கிருந்து நாங்களும் போகமுடியவில்லை. நம் பழக்கமெல்லாம் போனில்தான். நான் தமிழில் பேசியதைப் போனில் மொழிபெயர்க்கிற அந்த ஆப் உங்கள் பாஷையில் என்னவென்று சொல்லித் தொலைத்ததோ, பாதி நேரம் நீங்கள் முழித்தீர்கள். கடைசியில் பேச்சை விட்டுவிட்டு ஆளுக்கொரு காய்கறியைத் தூக்கிக் காட்ட ஆரம்பித்தோம். நீங்கள் பாகற்காயைக் காட்டியதும் நான் அடுப்படிக்கு ஓடி என் பாகற்காயை எடுத்துவந்தேன். இந்தச் சம்பந்தம் சரிப்பட்டு வரும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

லின் அந்த நாட்டுக்குப் போய் இன்னும் மூன்று வருஷம் ஆகவில்லை. பார்க்கிறதெல்லாம் அவளுக்கு அதிசயம். பார்த்ததை அன்றன்றைக்கே உங்களுக்குச் சொல்லிவிடுவாள், பிறகு பாதி இங்கிலீஷும் பாதி அமலனிடம் கற்ற தமிழுமாக எனக்கும் சொல்வாள். ரோட்டில் எதிரே வருகிறவன் எப்படி இருக்கிறாய் என்று கேட்கிறான், பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் போய்விடுகிறான். கடையில் மீனைத் தலை இல்லாமல் விற்கிறார்கள், கண்ணைப் பார்க்காமல் நல்ல மீனா நாறின மீனா என்று எப்படித் தெரியும்? துணியை வெயிலில் காயப்போட்டால் குடியிருப்பில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஆட்கள் டிரவுசர் போட்டுக்கொண்டு ஓட்டப் பயிற்சி செய்கிறார்கள். இதைக் கேட்டு நான் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டேன். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று லின்னிடம் கேட்டதற்கு, அந்த வழியாக ஏன் போனாய் என்று அம்மா ஒரு பாட்டம் திட்டினார்கள் என்றாள்.

எதற்கெடுத்தாலும் உங்களிடமிருந்து திட்டு வரும் போலிருக்கிறது. தலை காயாமல் வெளியே போனதற்கு, நின்றுகொண்டு சாப்பிட்டதற்கு, மெலிந்ததற்கு, அப்புறம் குண்டானதற்கு. அவள் அதை எனக்குச் சொல்லிச் சிரிப்பாள். இங்கே போனை வைக்கும்போது ஆளாளுக்கு ஐ லவ் யூ சொல்கிறார்கள் அத்தை, எங்கள் வீட்டில் அது கிடையாது, அம்மா திட்டுவார்கள், அவ்வளவுதான் என்பாள். எங்கள் வீட்டிலும் அதேதான் என்றேன்.

பிறகு லின் நிறைமாதமாக இருந்தபோது அந்தக் காலை வந்தது. நீங்கள் சந்தைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை என்று உங்கள் வீட்டுக்காரர் அமலனுக்குச் சொல்லியிருக்கிறார். பிள்ளைத்தாய்ச்சியிடம் சாவுச் செய்தியைச் சொல்லக்கூடாது என்று அங்கேயும் உண்டாம், இங்கேயும் உண்டு. பிரசவம் ஆகட்டும் என்று மாமனாரும் மருமகனும் முடிவு செய்தார்கள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. எங்கள் கோயிலில் உங்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தேன். சாமியார் பெயர் கேட்டார், என் வாயில் வரவில்லை. அமலன் மாமியார் என்று எழுதிக்கொண்டு அப்படியே பீடத்தில் வாசித்தார். கடவுளுக்குப் புரிந்திருக்கும்.

பிரசவம் ஆயிற்று. பச்சை உடம்பு, ஒரு மாதம் போகட்டும் என்றார்கள். ஒரு மாதம் போனதும், இன்னும் கொஞ்சம் தேறட்டும் என்றார்கள். இதற்கிடையில் உங்களுக்குத் தொண்டையில் ஆபரேஷன், பேசக்கூடாது, முகமும் வீங்கியிருக்கிறது என்று ஒரு கதை கட்டியாகிவிட்டது. உங்கள் போனிலிருந்து உங்கள் வீட்டுக்காரர் நீங்கள் எழுதுகிற மாதிரியே லின்னுக்கு எழுதிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனையும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீங்கள் இருக்கிறீர்கள் என்று மகள் நம்புகிற ஒரு இடத்தில் அவரும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொண்டாரோ என்னவோ.

ஆனால் அவருக்கு உங்களைப் போலத் திட்டத் தெரியவில்லை.

பிரசவமான அன்றைக்கு நர்ஸம்மா ஒரு பெரிய கப்பில் ஐஸ் கட்டி மிதக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து லின்னிடம் நீட்டியிருக்கிறாள். பெற்ற வயிற்றுக்கு ஐஸ் தண்ணீர். கேட்டதும் எனக்கே பதறியது. லின் அதைத் தொடவில்லை, வெந்நீர் கேட்டு வாங்கிக் குடித்தாளாம். ஆனால் உங்களுக்கு மட்டும், ஐஸ் தண்ணீர் குடித்தேன், நன்றாக இருந்தது என்று வேண்டுமென்றே எழுதியிருக்கிறாள். உங்கள் போனிலிருந்து போன பதில், பரவாயில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்.

பல நாள் அதை மனசிலேயே வைத்திருந்துவிட்டு ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"அத்தை, ஒரு அம்மா திட்டுறத நிறுத்திட்டா என்ன அர்த்தம்?"

உடம்பு முடியாதவர்கள், அசதியாக இருக்கும் என்று மழுப்பினேன். அவள் தலையை ஆட்டினாள். இல்லை, அம்மாவுக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேன் என்றாள். அந்நியனைக் கட்டிக்கொண்டு அந்நிய ஊரில் பிள்ளை பெற்றதற்கு இப்போதுதான் மனசு விட்டுப்போயிருக்கிறது, இல்லாவிட்டால் ஐஸ் தண்ணீருக்கு அம்மா என்னைச் சும்மா விடுவார்களா என்றாள். பால் பொங்குகிறது என்று பொய் சொல்லிப் போனை வைத்தேன்.

அதற்கப்புறம் அவள் எதையும் சொல்வதில்லை. இன்றைக்கு என்ன புதுசாகப் பார்த்தாய் என்று நானாகக் கேட்டாலும், ஒன்றுமில்லை அத்தை என்பாள். சாப்பிடுவதும் குறைந்துபோயிற்று. பிள்ளை பெற்ற பெண்களுக்கு அப்படித்தான் இருக்குமாம், சரியாகிவிடுமாம் என்று அமலன் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்? நான் இங்கே ஒரு நூல் மில்லில் பெண்கள் ஹாஸ்டல் வார்டன். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வந்த புதிதில், எல்லாக் குழம்பிலும் ஏன் புளி போடுகிறீர்கள், ஆம்பளைகள் ஏன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கிறார்கள் என்று கேட்டுத் துளைப்பார்கள். அப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிற வரைக்கும் எனக்குக் கவலையில்லை. வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தால் அந்தப் பிள்ளையை நான் என் அறையில்தான் படுக்க வைப்பேன்.

லின்னை எங்கே படுக்க வைப்பேன், சொல்லுங்கள்?

எங்கள் ஹாஸ்டலில் சபிதா என்று ஒரு ஒடிசாப் பிள்ளை இருந்தாள். நான் லீவில் இருந்தபோது அவள் வீட்டிலிருந்து போன் வந்திருக்கிறது. அம்மா செத்தாயிற்று. ஆனால் மில்லில் அவளிடம் அம்மாவுக்குச் சீரியஸ், உடனே கிளம்பு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். போகிற வழியில் திண்டுக்கல் ஸ்டேஷன் பக்கம் அம்மாவுக்கென்று ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறாள். அதை மடியில் வைத்துக்கொண்டே அத்தனை தூரம் ரயிலில் போயிருக்கிறாள். திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்:

"சொல்லியிருந்தா அழுதுக்கிட்டே போயிருப்பேன் அக்கா. இப்புடிப் பழம் வாங்க வச்சுட்டாங்களே."

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளை வீட்டிலிருந்து துக்கச் செய்தி வந்தாலும் என்னிடம்தான் சொல்ல வேண்டும், அந்தப் பிள்ளையிடம் நான்தான் சொல்வேன் என்று மேனேஜரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். வெறும் வயிற்றில் சொல்ல மாட்டேன். கையைப் பிடித்துக்கொள்வேன். முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுவேன்.

அமலனிடம் சொன்னேன், சொல்லிவிடுவோம் என்று. இதுல நீ தலையிடாதம்மா என்றான். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவும், பிள்ளைக நல்லதுக்குத்தான செய்யுறாக என்று இழுத்தார். எனக்கு வந்ததே கோபம். அவள் அம்மாவைப் பறிகொடுத்தது போதாதா, அம்மா தன்னை வெறுத்துவிட்டாள் என்றும் நினைத்துக்கொண்டு கிடக்க வேண்டுமா? இதையா நல்லது என்கிறீர்கள் என்று இரண்டு பேரையும் கேட்டேன். மறுநாள் மகனைக் கூப்பிட்டேன்.

"நாளைக்குக் காலைல நீ வேலைக்குப் போகாத. லின்னச் சாப்பிட வச்சுட்டு எனக்குக் கூப்புடு. பிள்ளைய நீ தூக்கிக்க. நீ சொல்றியா, நான் சொல்லவா?"

நீயே சொல்லும்மா என்று அழுதான். உங்கள் வீட்டுக்காரரிடமும் கேட்கச் சொன்னேன். தன்னால் முடியாது, அந்த அம்மாவே சொல்லட்டும் என்றாராம்.

நேற்று சாயங்காலம், அவர்களுக்குக் காலை. லின் கஞ்சி குடித்துவிட்டுப் போன் முன்னால் வந்து உட்கார்ந்தாள். கையைப் பிடிக்க எனக்கு வழியில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். லின், உன் அம்மா இறந்துவிட்டார்கள், பிரசவத்துக்கு முன்னாலேயே இறந்துவிட்டார்கள், நாங்கள் எல்லோரும் உன்னிடம் மறைத்தோம், என்னையும் சேர்த்து.

அவள் கத்தவில்லை. அமலனைப் பார்த்தாள். அவன் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டு தலையைக் குனிந்தான். என்றைக்கு என்று கேட்டாள், சொன்னேன். அப்படியானால் எனக்கு எழுதிக்கொண்டிருந்தது யார் என்றாள். உன் அப்பா என்றேன். அம்மாவுக்கு என் மேல் கோபம் இல்லையா என்று மூன்றாவதாகக் கேட்டாள். இல்லடா தங்கம், உயிரோடு இருந்திருந்தால் உன்னைத் திட்டியே தீர்த்திருப்பார்கள் என்றேன். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அழுது ஓய்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள் பாருங்கள்.

"அப்ப பாப்பா பிறந்தது அம்மாவுக்குத் தெரியவே தெரியாதா?"

இன்றைக்கு அவள் கூப்பிடவில்லை. சாப்பிட்டாள், பிள்ளைக்குப் பால் கொடுத்தாள், பேசத்தான் மாட்டேன் என்கிறாள் என்று அமலன் சொன்னான். என் மேலும் கோபமாக இருக்கலாம். நானும் சேர்ந்துதானே மறைத்தேன்? நான் சொன்னது சரியா, சொன்ன நேரம் சரியா? நீங்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் சம்பந்தி அம்மா?

லின் கேட்டதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதமே. கேளுங்கள். உங்களுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். அதிகாலையில் பிறந்தாள், சுகப்பிரசவம். தலை நிறைய முடி. நிறம் உங்கள் மகளைப் போல. மூக்கு எங்கள் வீட்டு மூக்கு, அதற்கு என்னை மன்னிக்க வேண்டும். கண் உங்களுடையது, சிரித்தால் காணாமல் போய்விடுகிறது. குளிக்க வைத்தால் ஊரைக் கூட்டுகிறாள். முதன்முதலில் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய சேதி, இம்புட்டு நாள் தாமதமாக என் வாயால் வருகிறது.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எனக்கு ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் அந்த நேரமே லின்னுக்குப் போன் போடவேண்டும் என்று இவரிடமும் அமலனிடமும் சத்தியம் வாங்கிவிட்டேன். அவளுக்குக் காய்ச்சலாக இருந்தாலும் சரி, வயிற்றில் இன்னொன்று இருந்தாலும் சரி. உங்கள் மகள் இன்னொரு தரம் செத்தவளுக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்க மாட்டாள்.

இப்படிக்கு,
உங்கள் பேத்தியின் அப்பாவைப் பெற்றவள்,
உங்கள் சம்பந்தி சகாயமேரி