ஜாக்கிக்கு ஆபரேஷன்

புரட்டாசி 12, திங்கள்
மேகமூட்டம். மழை இல்லை. எங்கள் நாய் ஜாக்கி வீட்டைவிட்டுப் போய் இரண்டு நாள். தட்டில் வைத்த சோறு எறும்புக்கு. தோப்பு கேட்டில் நின்று கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

சாயங்காலம் தானாகவே வந்தான். இடது காது கிழிந்து, ஒரு காலைத் தூக்கிக்கொண்டு. இளநீர்க் கடைக்காரர் சொன்னார்: "பொட்ட நாயி பின்னால பொள்ளாச்சி ரோட்டுல குறுக்க ஓடுனானுங்க. லாரிக்காரன் பிரேக் அடிக்காட்டி முடிஞ்சிருக்குமுங்க."



13, செவ்வாய்
காதுக்கு நாலு தையல். மாத்திரை காலை, மாலை. டாக்டரம்மா: "கருத்தடை ஆபரேஷன் பண்ணிருங்க. ஓடுறது மொத்தமா நின்னுரும்னு சொல்ல மாட்டேன். நல்லாக் குறையும்."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பிசைந்த சோற்றிலேயே கை நின்றுவிட்டது.

"ஆம்பள நாயப் போயி அறுக்கறதா? பாவம் அம்மணி."

பாவமாம்.

14, புதன்
மோட்டார் மெக்கானிக் வரவில்லை. துவரம்பருப்பு, சோப்பு வாங்கணும். ஜாக்கியைச் சங்கிலியில் கட்டினால் ஊளை. அவிழ்த்துவிட்டால் எனக்குப் பயம். ஒரு வேலையிலும் மனசு நிற்கவில்லை. கழுவின அரிசியையே மறுபடி கழுவினேன்.

பாவம் என்ற அந்த ஒரு சொல்தான். சின்னவள் பிறந்த மூன்றாம் நாள் எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். "ஆம்பளைங்களுக்குச் சுளுவுங்க, அன்னிக்கே ஊட்டுக்குப் போயிரலாம்" என்றாள் நர்ஸ். "வெயில்ல பாடுபடறவனுக்கு அதெல்லாம் ஆகாதுங்க" என்று மாமியார் முடித்துவிட்டார். இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது வருஷம் ஆச்சு. அன்றைக்குப் பாவம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

16, வெள்ளி
கேட்டேவிட்டேன். சட்னி அரைக்கும்போது, மிக்ஸியைப் பாதியில் நிறுத்திவிட்டு.

"ஏனுங்க, எனக்குப் பண்ணும்போது பாவம்னு தோணலீங்களா?"

"அது வேற."

"என்ன வேறைங்க?"

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதியம் சாப்பிட வரவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ? இல்லை, எப்போதோ கேட்டிருக்கணும். சின்னவள் ஹாஸ்டலிலிருந்து போன்: "அப்பாவக் கேட்டுட்டே இருக்காதம்மா. நீயே கூட்டிட்டுப் போ."

நாலு மணிக்கு ஜாக்கி சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட்டம். அவர்தான் ரோட்டோரத்தில் மடக்கிப் பிடித்துத் தூக்கி வந்தார். சட்டையெல்லாம் சேறு, முகம் வெளுத்துப்போய். "திங்கக்கிழம போலாம்" என்றார். அவ்வளவுதான்.

19, திங்கள்
நல்ல வெயில். ஜாக்கிக்கு வெறும் வயிறு. பக்கத்துத் தோட்டத்து வேனில் போனோம். படிவத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். ஊசி போட்டதும் என் மடியிலேயே துவண்டான். உள்ளே தூக்கிப் போய்விட்டார்கள்.

வெளியே பெஞ்சில் நாங்கள் இரண்டு பேர். அப்புறம் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு:

"ரொம்ப வலிச்சிருக்குமா?"

"மயக்க ஊசி போட்டிருக்காங்கல்லங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"ஜாக்கியக் கேக்கல அம்மணி. உனக்கு."