கன்னத்தில் வைத்த கை

அக்டோபர் 28, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மழை லீவு விடுவார்கள் என்று டி.வி. முன்னால் டீயோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மாவட்டத்துக்கு விட்டார்கள். எங்களுக்கு இல்லை. குடவாசல் கடைத்தெருவில் முழங்கால் வரை சேற்றோடு பள்ளிக்கூடம்.

ஹெச்.எம். கூப்பிட்டார். அடுத்த வாரம் வியாழன், தஞ்சாவூரில் ஓவிய ஆசிரியர்களுக்குப் பயிற்சி. ஆளுக்கொரு தலைப்பில் பேச வேண்டும். என் தலைப்பு, 'ஓவியங்களில் துயரம்'. இதை யார் எனக்குப் போட்டது என்று கேட்டேன்.

"மத்ததையெல்லாம் எடுத்துட்டாங்க டீச்சர். இதுதான் மிச்சம் இருந்துச்சு."

கோலம் போயிற்று, இயற்கைக் காட்சி போயிற்று, வெண்டைக்காய் அச்சுகூடப் போயிற்று. பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவளுக்கு ரசம்தான்.

சாயங்காலம் தெற்குத் தெரு சுரேஷ் வந்தான். அவன் அப்பா கலியமூர்த்தி மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை கருமாதி. அன்றைக்கே படத்திறப்பு. "ஃப்ளெக்ஸ் தனியா அடிக்கிறோங்க. வீட்டுல மாட்ட கையால வரைஞ்சது வேணும்னு அம்மா ஆசைப்படுது." செல்லில் தெளிவான படம் ஒன்றுதான் இருந்தது. ஏதோ கல்யாண மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலி, மாமா கன்னத்தில் கை வைத்து எங்கேயோ பார்க்கிறார்.

"அந்தக் கைய மட்டும் எடுத்துருங்க டீச்சர். கொஞ்சம் சிரிச்ச முகமா போட்டுருங்க."

எல்லோரும் கேட்பதுதான். இந்த ஊரில் செத்துப்போனவர் யாரும் சிரிக்காமல் சுவரில் தொங்கியதில்லை. சரி என்றேன்.

வாங்க வேண்டியவை: 6பி பென்சில், கத்தரிக்காய், கொசுவத்தி, தம்பி குமாருக்கு ஏதாவது பழம்.

குமார் மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. மூடி வைத்த தட்டு அப்படியே இருந்தது.

அக்டோபர் 29, புதன்

மழை விட்டுவிட்டது. புழுக்கம். ஏழாம் வகுப்பு நோட்டு ஒரு கட்டு திருத்தாமல் கிடக்கிறது.

தம்பி ஷார்ஜாவிலிருந்து ஆவணியில் வந்தான். லீவு என்றான். திரும்பிப் போகிற டிக்கெட் தேதி தாண்டிவிட்டது. பெண்டாட்டியும் பிள்ளையும் இருக்கிற மன்னார்குடிக்கும் போகவில்லை. அம்மா அப்பா போனபிறகு நான் ஒற்றை ஆளாக இருக்கிற வீட்டில், கூடத்துக் கட்டிலில் படுத்தே இருக்கிறான். வேலை போய்விட்டதா? இல்லை. கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். உடம்பா? டெஸ்ட் எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை என்று தாளில் இருக்கிறது. முகத்தில் என்னவோ இருக்கிறது.

இன்று சாயங்காலம் அதிசயமாக எழுந்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் டீ தம்ளரோடு போகிறேன். "அக்கா" என்றான். என்னவோ சொல்ல வந்தான், அந்தக் குரலே வேறு மாதிரி இருந்தது. கன்னத்தில் கை. நான் யோசிக்கவே இல்லை. போகிற போக்கில் பட்டென்று அந்தக் கையைத் தட்டிவிட்டேன்.

"கைய எடுடா. கன்னத்துல கை வச்சா குடும்பத்துக்கு ஆவாது."

அச்சு அசல் அம்மா குரல். என் வாயிலிருந்து.

எடுத்துவிட்டான். "என்னடா கூப்பிட்ட?"

"ஒண்ணுமில்லக்கா."

டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அப்புறம் பயிற்சிக்காகப் படம் தேடினேன். கிடைத்தவை: நாற்காலியில் ஒரு கிழவர், இரண்டு முஷ்டியாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு. பாலத்தில் காதைப் பொத்தி அலறுகிற ஒருவர் (பிள்ளைகளுக்கு அது வாட்ஸாப் பொம்மை). நீல நிறத்தில் ஒடுங்கிப்போன மனிதர்கள். பிள்ளையை மடியில் போட்டிருக்கும் தாய். இவற்றைத் தாண்டிப் பார்த்தால், எந்த நாட்டில், எந்தக் காலத்தில் வரைந்ததாக இருந்தாலும், கன்னத்தில் கை. சிறகு முளைத்த தேவதை ஒன்று கன்னத்தில் கை. நம் பக்கத்துக் காலண்டரில் அசோகவனத்துச் சீதை, அவளும் அப்படியே. யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்காமல் எல்லோரும் ஒரே மாதிரி. தலையின் பாரம் கழுத்துக்குத் தாங்கவில்லை, கை ஓடி வந்து தாங்குகிறது. அவ்வளவுதான்.

அதைத்தான் தட்டிவிட்டேன்.

எனக்கு நானே ஓர் அறை வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. நோட்டுத் திருத்தவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

மறுபடியும் மழை. பஸ்ஸில் எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள்: "நட்டு பத்து நாளாவல, பூராவும் தண்ணியில நிக்குது." "நிக்கட்டும், நாம என்னத்தக் கண்டோம்." அப்புறம் ஒருத்தி பூ விலை கேட்டாள்.

எட்டாம் வகுப்பில் முகம் பொத்திய கிழவர் படத்தைக் காட்டினேன். பேசுவதற்கு ஒத்திகை மாதிரி.

"ஏன் டீச்சர் அழுவுறாரு?"

நீங்களே சொல்லுங்கள் என்றேன். "பொண்டாட்டி அடிச்சிருக்கும்." கொல்லென்று சிரிப்பு. "மவன் வூட்ட வுட்டு தொரத்திட்டான்." "பயிரு முழுவிடுச்சு." "பல்லு வலி டீச்சர்." எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. காரணம் தெரியாது, வரைந்தவர் சொல்லவில்லை என்றதும் படத்தின் மேல் கோபம் வந்துவிட்டது. "அப்ப என்னத்துக்கு டீச்சர் வரைஞ்சாரு?"

ஸ்டாஃப் ரூமில் இருக்கும்போது கவிதா போன். குமார் மனைவி.

"அண்ணி, என்னதான் சொல்றாரு? அங்க ஏதாச்சும் பிரச்சினையா? என் மேல கோவமா? என்னன்னு தெரிஞ்சா நானும் ஒரு வழி பாப்பேன்ல?"

"தெரியலம்மா."

"நீங்க கூடவே இருக்கீங்க, கேக்கக் கூடாதா?"

கேட்காமலா இருக்கிறேன். ஆவணியிலிருந்து இந்த வீட்டில் நான் கேட்கிற ஒரே கேள்வி அதுதான். என்னடா ஆச்சு, என்னடா ஆச்சு. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்.

வீட்டுக்கு வந்தால் ஆள் இல்லை. செருப்பு மட்டும் வாசலில். வாய்க்கால் மதகில் நின்றுகொண்டிருந்தான். கரை தொட்டுத் தண்ணீர் போகிறது. "வாடா, காபி போடுறேன்" என்றேன், சாதாரணமாகத்தான். வந்தான். அவனை முன்னால் விட்டுப் பின்னாலேயே நடந்தேன்.

கொல்லையில் முருங்கைக்கு அடிக்க வைத்திருந்த பூச்சிமருந்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த வீட்டு ஜோதியிடம் கொடுத்தேன். உங்க வீட்டிலேயே பூட்டி வையுங்கள் என்றேன். ஜோதி என் முகத்தைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள், ஏன் என்று கேட்கவில்லை. அவள் நன்றாக இருக்கட்டும்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதுவரைக்கும் எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.

நவம்பர் 1, சனி

முழுநாளும் கலியமூர்த்தி மாமா.

கையை எடுப்பது எளிது என்று நினைக்கிறார்கள். கை அழுத்தியதில் கன்னத்துச் சதை மேலே ஏறிக் கண் ஒரு பக்கம் சுருங்கியிருக்கிறது. கையை எடுத்தால் அந்தக் கண்ணுக்கு அர்த்தமில்லை. கண்ணை மாற்றினேன். கண்ணை மாற்றினால் புருவம் தொங்குகிறது. புருவத்தைத் தூக்கினேன். தலை சாய்ந்திருக்கிறது, தாங்க ஆள் இல்லாமல் விழப்போகிறவர் மாதிரி. நிமிர்த்தினேன். உதட்டோரம் இரண்டு கோடு, சிரித்துவிட்டார். சாயங்காலத்துக்குள் சுத்தமாக வேறொரு மனிதர். நல்ல மனிதர்தான். பஞ்சாயத்து எலெக்ஷனில் நிற்கலாம்.

தஞ்சாவூர்ப் படங்களை நினைத்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் வசதியுள்ள வீட்டுக்கு வீடு வெண்ணெய்க் கிருஷ்ணன். பொன் ரேக்கு, கல், கொழுகொழு கன்னம். நான் பார்த்த எதிலும் ஒருவரும் வாடியிருக்கவில்லை. குறை சொல்லவில்லை, கும்பிடுகிற படம், அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் வாடினவனுக்கு இந்த ஊர்ச் சுவரில் இடமே இல்லை. சீதை காலண்டரைக்கூட அம்மா மாட்ட விடமாட்டாள். "விசனப்படுற படம் வீட்டுக்கு ஆவாது, சுருட்டிப் பரண்ல போடு."

குமார் வந்து பின்னால் நின்று பார்த்தான். மாமாவை அவனுக்கும் தெரியும். சின்ன வயதில் அவனை வைத்துச் சைக்கிளில் டபுள்ஸ் அடித்தவர்.

"இவரு சிரிச்சு நான் பாத்ததே இல்லக்கா."

"நானும்தான்."

இரண்டு இட்லி சாப்பிட்டான்.

நவம்பர் 2, ஞாயிறு

படத்திறப்பு. ஷாமியானா ஒழுகிற்று. ஒன்றியத்துக்காரர் ஒருவர் திரையை விலக்கினார், மாலை போட்டார், "என்றும் புன்னகை மாறாத" என்று ஆரம்பித்தார். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி படத்துக்குக் கிட்டே வந்து வெகுநேரம் நின்றார்.

"சிரிக்கிறாரே."

"ஆமாங்க மாமி."

"எதுக்குச் சிரிக்கிறாருன்னு யாராச்சும் கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என் கையைப் பிடித்துக்கொண்டார். "போவட்டும். அங்கயாச்சும் சிரிக்கட்டும்."

சேலை பார்டர் சேறு. ஊறப்போட்டேன். நோட்டுக் கட்டு இன்னும் அப்படியே.

நவம்பர் 5, புதன்

ஒருவழியாக மழை லீவு.

நாளைக்குப் பயிற்சி. பேச வேண்டியதை எழுதி எழுதி அடித்தேன். கடைசியில் ஒரு யோசனை. யோசனையா, சாக்கா, தெரியவில்லை.

"குமாரு, நாளைக்குக் காட்ட ஒரு ஸ்கெட்ச் வேணும்டா. கொஞ்ச நேரம் உக்கார்றியா?"

"எப்படி உக்காரணும்?"

"கன்னத்துல கை வச்சு."

என்னையே பார்த்தான். "அம்மா வந்து அடிக்கும்."

"அம்மாவ நான் பாத்துக்குறேன். உக்காரு."

ஜன்னலோரம், அதே நாற்காலி. கை தானாகப் போய்க் கன்னத்தில் உட்கார்ந்தது. நான் வரையத் தொடங்கினேன். வரைகிறவளுக்கு ஒரு சௌகரியம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒருவர் முகத்தைப் பார்க்கலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆவணியிலிருந்து நான் அவனைச் சரியாகப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. தட்டைத்தான் பார்த்திருக்கிறேன், சாப்பிட்டானா இல்லையா என்று.

நான் எதுவும் கேட்கவில்லை. அவனாகத்தான் ஆரம்பித்தான்.

"காரணம்லாம் ஒண்ணுமில்லக்கா. எல்லாரும் கேக்குறீங்க. இருந்தா சொல்ல மாட்டனா?"

"தலைய அசைக்காத. ம்."

"காலையில கண்ணு முழிக்குதுல்ல, ஏன் முழிச்சுதுன்னு இருக்கு. சோறு மண்ணு மாதிரி இருக்கு. பாப்பா போன்ல பேசுது, சந்தோஷமா இருக்கணும்னு தெரியுது, வரல. அங்கயே ஆரம்பிச்சிருச்சு. ஊருக்கு வந்தா சரியாப் போயிடும்னு வந்தேன்."

"ம்."

"அன்னிக்கு சொல்லத்தான் வந்தேன்."

பென்சிலை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவனும் நிறுத்திவிடுவான் என்று பயம். காது மடலைப் போட்டுக்கொண்டே கேட்டேன். "செத்துரலாம்னு தோணுதாடா?"

வெளியே ஜோதி வீட்டு ஆடு கத்திற்று.

"தோணுது. எல்லா நாளும் இல்ல."

கை, விரல், மணிக்கட்டு. கோடு ஒன்றும் சரியாக விழவில்லை. கண்ணில் தண்ணீர் நிறைந்தால் யாருக்கு வரையத் தெரியும். அழுதுகொண்டேதான் வரைந்தேன், அவன் பார்த்துக்கொண்டேதான் இருந்தான்.

"டாக்டர்கிட்ட போவோம்டா. இதுக்குன்னு இருக்காங்க. தஞ்சாவூர்ல."

"நாளைக்குன்னா வர்றேன். நாளன்னிக்குன்னா வருவனான்னு எனக்கே தெரியாது."

"நாளைக்கே போவோம்."

எழுந்து வந்து படத்தைப் பார்த்தான். "நான் இப்படியா இருக்கேன்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "கை பெருசா போட்டுட்ட."

பெரிசாகத்தான் போய்விட்டது. அழிக்கவில்லை.

ஹெச்.எம்.முக்குப் போன். நாளைக்கு வர முடியாது சார், தம்பியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். "அய்யய்யோ, பேரு அனுப்பியாச்சே டீச்சர். யாரு பேசுறது? என்ன, காய்ச்சலா?" ஆமாம் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. "இல்ல சார். மனசு சரியில்ல. அதுக்குத்தான் பாக்கப் போறோம்."  அவர் குரலைத் தாழ்த்தி, "எந்த டாக்டர் டீச்சர்?" என்றார். சொன்னேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது.

மாத்திரைச் சீட்டு, பழைய டெஸ்ட் தாள், குடை, தண்ணி பாட்டில். பையில் வைத்தாயிற்று.

நவம்பர் 6, வியாழன்

முதல் பஸ். கும்பகோணத்தில் மாறி தஞ்சாவூர். வழி முழுக்க வயல் எது வாய்க்கால் எது என்று தெரியாமல் தண்ணீர். குமார் ஜன்னல் பக்கம்.  பாபநாசத்தில் இறங்கிவிடுவானோ என்று எனக்கு ஒரு பயம். இறங்கவில்லை.

டாக்டர் கிளினிக்கில் இவ்வளவு கூட்டம் இருக்கும் என்று நினைக்கவில்லை. கல்யாணத்துக்கு வந்த மாதிரி உடுத்திக்கொண்டு ஒரு குடும்பம். யூனிஃபார்மோடு ஒரு பெண். வாத்தியார் மாதிரி ஒருவர். சுவரில் பெரிய வெண்ணெய்க் கிருஷ்ணன். அதற்குக் கீழே பெஞ்சில் பாதிப் பேர் கன்னத்தில் கை. யாரும் யாரையும் தட்டவில்லை. பேசாமல் போன பேச்சு ஞாபகம் வந்தது. ஒரு படமும் போட வேண்டியிருக்காது, எல்லோரையும் இங்கே அழைத்து வந்து உட்கார வைத்தால் போதும்.

முந்தின ராத்திரி தூக்கமில்லை. இடுப்பு வலி. எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ. பட்டென்று என் கையில் ஓர் அடி.

"கன்னத்துல கை வைக்காதக்கா."

எப்போது வைத்தேன் என்றே தெரியவில்லை. எடுத்துவிட்டேன். அவனுக்குக் கொஞ்சம் சிரிப்பு மாதிரி இருந்தது, கொஞ்சம்தான், நானாகப் போட்ட கோடு இல்லை.

பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நான் பையை எடுப்பதற்குள் எழுந்துவிட்டான்.

"நான் மட்டும் போறேன். நீ இங்கயே இரு."

இருக்கிறேன்.