உள்ளே ஆள் இருந்தால் பூட்டமாட்டேன்

முதலிபாளையம்,
சனிக்கிழமை

அன்புள்ள மாரக்காளுக்கு வெள்ளியங்கிரி எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? எருமை கன்று போட்டதா? நான் சுகம். இது முழுக்க நானே எழுதியது. பேத்தி அனிதா வாசிக்கும்போது பிழைக்குச் சிரிக்கட்டும், ஆனால் ஒரு வரியும் விடக்கூடாது.

போன வாரம் முதியோர் எழுத்து வகுப்பில் நித்யஸ்ரீ டீச்சர், "எது வந்தாலும் செய்யமாட்டேன்னு ஒன்னை எழுதுங்க" என்றது. "உள்ளே ஆள் இருந்தால் கதவைப் பூட்டமாட்டேன்" என்று எழுதினேன். "இங்க வந்தும் வாட்ச்மேன் புத்தி போகலீங்களே" என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நேற்று கம்பெனியில், பனியன் திருட்டுப் போகிறது என்று மேனேஜர் சிவராஜ் பின்கதவைப் பூட்டச் சொன்னார். உள்ளே பெண்பிள்ளைகள் தைத்துக்கொண்டிருந்தார்கள். தீப்பிடித்தால் அவர்களுக்கு அந்த வழிதான் பக்கம்.

"மாட்டேனுங்க."

"பூட்டறதுக்குத்தானுங்க உங்களுக்குச் சம்பளம்?"

"எல்லாரும் வெளிய வரட்டுங்க, பூட்டறனுங்க."

சாவியைக் கேட்டார். கொடுக்கவில்லை. மடியில் செருகிக்கொண்டேன். திங்கட்கிழமை முதலாளி வந்து முடிவு சொல்வாராம். நீ பயப்படாதே, சின்ன விஷயம்தான். பேச்சுத்துணைக்குத்தான் ஆள் இல்லை.

கெட்டிப் போர்வையும் கொள்ளுப்பொடியும் கேட்க நினைத்தேன். திங்கட்கிழமை வரை பொறு. வேலை இருந்தால் அனுப்பு. இல்லாவிட்டால் அங்கேயே வந்து போர்த்திக்கொள்கிறேன்.

ஷிப்ட் மணி அடித்துவிட்டது. சிவராஜ் கையில் புதுப் பூட்டோடு பின்பக்கம் போகிறார். அவருக்கு முன்னால் போய் அந்த வாசற்படியில் என் நாற்காலியைப் போட வேண்டும்.

வெள்ளியங்கிரி